அப்பாவின் ரிப்போர்ட்டும் 1024 பிட் சாவியும்

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கிளறியபோது 2005இல் நான் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. சாவி ஒன்று கிடைத்தது. மெயிலை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டுகிற ஒரு முறை அது. நீளம் 1024 பிட்; பிட் கூடக்கூட உடைப்பது கடினம். 2048 போட்டிருக்கலாம், ஆனால் என் அன்றைய கம்ப்யூட்டர் முக்கி முனகும் என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான்.

அந்தச் சாவியால் பூட்டித்தான் அப்பாவின் மனநல சிகிச்சை ரிப்போர்ட்டுகளைத் தம்பிக்கு மெயிலில் அனுப்பினேன். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. இன்றும் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எந்த உளவுத்துறையும் அப்பாவின் மாத்திரைச் சீட்டைத் தேடி வரப்போவதில்லை, சரி. ஆனால் இன்று அரசாங்கப் பணம் இருந்தால்தான் முடியும் என்கிற வேலை நாளைக்கு எவன் கைக்கும் எட்டிவிடும். டெஸ் என்கிற பழைய அமெரிக்கப் பூட்டு முறையின் கதை அதுதான். 56 பிட் சாவி, மொத்தம் சுமார் 720 கோடி கோடி சாவிகள். 2 கோடி டாலர் செலவழித்தால் ஒரு நாளில் உடைக்கும் எந்திரம் கட்டலாம் என்று 1977இலேயே டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு சங்கேதவியல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1998இல் இணைய உரிமைகளுக்காகப் போராடும் இ.எஃப்.எஃப். அமைப்பு இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாகச் செலவழித்து ஓர் எந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. 2006இல் ஜெர்மனியில் கட்டியதற்குச் சுமார் 10,000 டாலர்தான் ஆனது.

1996இல் ஏழு வல்லுநர்கள் சேர்ந்து, டெஸ் மாதிரியான முறைகளுக்கு அன்றைக்கு 75 பிட்டாவது வேண்டும், 20 ஆண்டு தாங்க 90 வேண்டும் என்றார்கள். இந்த முறைகளில் ஒரு பிட் கூடினால் தேடும் வேலை இரட்டிப்பு. ஆர்.எஸ்.ஏ.வுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துகிறார்கள். அது இன்னும் சுலபம். அதனால் ஆர்.எஸ்.ஏ.வின் 1024 பிட் என்பது டெஸ் மாதிரியான முறையில் கிட்டத்தட்ட 80 பிட் பலம்தான். 128 பிட் பலம் வேண்டுமென்றால் 3072 போக வேண்டும். 2009இல் 768 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணை உடைத்துவிட்டார்கள், 2020இல் 829.

இப்போது 4096இல் புதுச் சாவி போட்டுக்கொண்டேன். பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் அதுவும் போச்சு, அது வேறு கதை. அந்தப் பழைய மெயிலை யாராவது ஏற்கனவே நகல் எடுத்து வைத்திருந்தால், இந்தப் புதுச் சாவியால் ஒரு பயனும் இல்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனவனுக்கு, வீட்டுக் கதவில் நான் எந்தப் பூட்டைத் தொங்கவிட்டால் என்ன?

தம்பிக்கு போன் போட்டு, அதை அழித்துவிடச் சொன்னேன்.

“எந்த மெயில்ணா?” என்றான்.