டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் சிகரெட் பிடிப்பவரோ, பிடித்து நிறுத்தியவரோ இருந்தால், செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் என்று விற்கப்படும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் சத்து) என்று இருந்தால் அது அவருக்கு வேண்டாம். இதை நான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் என் அப்பாவும் பல வருடம் புகைத்து நிறுத்தியவர்.

பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் முடிவு வெளியானபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடம் நடந்த இன்னோர் ஆய்விலும் இதே கதைதான். திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே, 1996இல், அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள்.

நல்லது என்று கொடுத்தது ஏன் கெடுதல் செய்தது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. ஆனால் ஆன்டி ஆக்சிடன்ட் கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கையே சரியில்லை. அது அடக்குவது ஃப்ரீ ராடிக்கல் என்னும், எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகளை. ஃப்ரீ ராடிக்கல் என்றாலே விஷம் என்று நினைக்கிறோம். செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும்போது அவை தானாக உண்டாகின்றன. அளவு மீறினால் செல்லைச் சேதப்படுத்தும், உண்மைதான். அதை அடக்க, உடம்பு தானே தயாரிக்கும் குளூட்டாதயோன், கேட்டலேஸ் போன்ற பொருட்கள் இருக்கின்றன. ஆனால் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதும் இதே ராடிக்கல்களை வைத்துத்தான். உடற்பயிற்சி செய்யும்போது தசைக்குப் போகும் சேதியும் இவைதான். 2009இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், பயிற்சியோடு தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்கவே இல்லை. முழுவதும் துடைத்துவிடுவது ஆரோக்கியம் ஆகாது.

அதற்காக மாத்திரையே கூடாது என்று சொல்லமாட்டேன். அப்பாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்து, நடுத்தரக் கட்டத்தில் இருப்பதாகக் கண் டாக்டர் சொன்னார். அந்தக் கட்டத்தில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் எல்லாம் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவை, நோய் முற்றுவதைச் சுமார் 25 சதவீதம் குறைக்கிறது என்று 2001இலேயே தெரியும். அந்தப் பழைய கலவையில் 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பிறகு அந்த இடத்தில் லூட்டின் 10, ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம் என்று இரண்டு மஞ்சள் நிறச் சத்துகள் வந்தன. இரண்டு டப்பாவிலும் முன்பக்கம் கண்ணின் படம்தான் இருக்கும், வித்தியாசம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில். அப்பா லூட்டின் போட்டதைத்தான் சாப்பிடுகிறார்.

"அப்போ கேரட்டும் கூடாதா?" என்று கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம் அப்பா என்றேன். அந்த ஆய்வுகளில் கெடுதல் செய்தது மாத்திரையில் அடைத்த பெரிய அளவு. கேரட்டில் நார்ச்சத்தும் வேறு பல சத்துகளும் சேர்ந்தே வருகின்றன, அளவும் மெதுவாகத்தான் உள்ளே போகிறது.

அப்புறம், தக்காளியை எண்ணெயில் நன்றாக வதக்குங்கள். தோல் சுருண்டு, எண்ணெய் சிவப்பாகப் பிரியும் அல்லவா, அந்தச் சிவப்புதான் லைகோபீன் என்ற ஆன்டி ஆக்சிடன்ட். பச்சையாகத் தின்பதைவிட இப்படிச் சூடாக்கிக் கொழுப்போடு சாப்பிடும்போது உடம்பு அதை அதிகமாக எடுத்துக்கொள்ளும். கீரையில் இருக்கும் லூட்டினுக்கும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். வைட்டமின் சி நேர் எதிர். தண்ணீரில் கரைந்து, சூட்டில் அழியும். அதனால் குடைமிளகாய், கொய்யா மாதிரியானவற்றைப் பச்சையாகவே தட்டில் வையுங்கள்.