கிளினிக்குக்குப் போக முதல்

உளவியல் முதுநிலைப் படிப்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சி எனக்கு மட்டக்களப்பிலேயே கிடைத்தது. தொடங்க இரண்டு கிழமை இருந்தது. தோற்றம், பேச்சு, மனநிலை, சிந்தனை, புலனுணர்வு என்று மனநிலைப் பரிசோதனையின் தலைப்புகளைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். அது ஓ.எல். சோதனைக்குப் படிப்பது மாதிரித்தான், பெரிய வேலையில்லை.

கஷ்டம் வாயைத் திறந்தபோதுதான் வந்தது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளைக் கேட்டுப் பழக ஆள் தேடி, கல்லடியில் பெரியம்மாவைப் பிடித்தேன். அவ முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கேள்வி ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. அச்சில் இருந்தபடியே வாசித்தேன்.

"நாட்டமெண்டா என்ன புள்ள?"

"ஒண்டிலயும் மனம் போகாம இரிக்கிறது. இந்த ரெண்டு கிழமைக்குள்ள."

"ரெண்டு கிழமையெண்டா பறுவத்துக்கு முதலா, பிறகா?" பௌர்ணமியை வைத்துத்தான் அவவின் நாள் கணக்கு.

கவலை இருக்கா என்று கேட்டால், "கவலை ஆருக்கு இல்ல?" என்றா. ஆனால் ராவைக்கு நித்திரை இல்லை, நெஞ்சு பதறுது, தலை விறைக்குது, யோசனை கூடிப் போச்சு. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இவற்றைத்தான் எழுதிக்கொண்டேன். எங்கள் பக்கம் 'யோசனை' என்றால் சிந்தனை இல்லை. விடாமல் அரிக்கும் கவலை. அதற்காகப் பதறலையெல்லாம் மனதின் கணக்கில் போடவும் ஏலாது. தைரொயிட் கூடினாலும், இரத்தச்சோகை என்றாலும் நெஞ்சு பதறும்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. குரல் இறங்கிப்போய், கேட்காமலே தாளை மடித்துவிட்டேன். நேராகக் கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லித் தந்தார்கள்! பிறகு ஒரு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்: "செத்தாப் பரவாயில்லையெண்டு நினைச்சனீங்களா?"

இன்னொன்றுக்கும் பதில் தயாராக வேண்டியிருந்தது. இங்கே நாம் கேட்க முதல் நோயாளிகள் கேட்பார்கள்: எந்த ஊர், ஆர்ர மகள், என்ன குடி? தாய்வழிக் குடியைச் சொன்னால் இரண்டாவது வசனத்தில் சொந்தமாகிவிடுவோம். ஊரை மட்டும் சொல்வதென்று முடிவெடுத்தேன். கூடவே, அவர்கள் கிளினிக்குக்கு வருவது வெளியில் தெரியாமலிருக்க, "றோட்டில கண்டா நானாக் கதைக்க மாட்டன், நீங்க கதைச்சாக் கதைப்பன்" என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக்கு முதல் நாள் பின்னேரம் திரும்பவும் கல்லடிக்குப் போனேன். விட்ட கேள்வியைக் கேட்டேன், குரல் இறங்காமல்.

பெரியம்மாவின் கை கீரையில் நின்றது. "சுனாமிக்குப் பிறகு ஒரு ரெண்டு வருசம் அப்பிடித்தான் இருந்த. அப்ப ஒருத்தரும் கேட்கல்ல."

"இப்ப?"

"இப்ப இல்ல புள்ள." கொஞ்ச நேரம் கழித்துத் தாளை எட்டிப் பார்த்தா. "அதுக்கு எத்தினை போடுவ?"

கேள்வி கடந்த இரண்டு கிழமையைப் பற்றியது மட்டும்தான். 0 போட்டேன்.