பலாக் கட்டை வெடிக்காமல் காய்ந்தது: ஊஞ்சல் பலகை, பாதி வழியில்

இரண்டு அங்குல கனத்தில் அறுத்து அடுக்கியிருந்த பலாப் பலகைகள் காய்ந்துவிட்டன. ஏழடிப் பலகையில் முனை வெடிப்பு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டவில்லை. நடுவில் கீறலே கிடையாது. மருந்தில் ஊறவைக்கவில்லை, சூட்டில் மரம் உலர்த்தும் சீசனிங் சேம்பருக்கும் அனுப்பவில்லை. மாட்டுக்கொட்டகையில் காற்றிலேயே காய்ந்த மரம். பெருமையாகத்தான் இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மரம் புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு பக்கம், சித்தப்பா தோப்பிலிருந்து வந்தது. வீடு கட்ட இடம் ஒதுக்கியதில் மூன்று பலா போக வேண்டியிருந்தது. பெரியது ஒன்று மேற்கே சாய்ந்து வளர்ந்திருந்தது. எல்லோரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். சாய்ந்த மரத்தில் மையம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், மேல்பக்க நார்கள் இழுபட்டு நிற்கும். அறுத்த அன்றைக்கே பலகை வில்லாக வளையும். இன்னொன்றில் பட்டையின் கோடுகள் முறுக்கிக்கொண்டு ஏறின. பட்டை முறுக்கினால் உள்ளே ரேகையும் முறுக்கும், அந்தப் பலகையை எவ்வளவு இழைத்தாலும் மட்டம் நிற்காது. மூன்றாவது சின்னதுதான். ஆனால் நேர் மரம், ஏழடி வரை கணு இல்லை, சுத்தியலால் தட்டினால் பொந்துச் சத்தமும் இல்லை.

ஆசாரி தேய்பிறை பார்த்து வெட்டச் சொன்னார், அப்படியே வெட்டினோம். ஆனால் நான் பார்த்தது மாதத்தைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரை வெயிலில் பச்சைப் பலகையை அடுக்கினால் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிக்கும். தையில் அறுத்தால் பங்குனிக் காற்று வருவதற்குள் முதல் ஈரம் மெதுவாக இறங்கிவிடும்.

சுற்றளவு 66 அங்குலம், நீளம் 7 அடி. வியாபாரக் கணக்கில் சுற்றளவில் கால் பங்கு 16.5, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் 13.2 கன அடி வருகிறது. உருண்டைக் கட்டையின் நிஜக் கன அளவு 16.8. மீதி பட்டையும் பக்கக்கழிவும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தோப்புக்காரர்கள் மரம் விற்கும்போது இந்த வித்தியாசத்தைத் தெரிந்து விலை பேசுவது நல்லது.

அறுக்கக் கொண்டுபோன முதல் மில்லில் பலாவைத் தொடவே மாட்டோம் என்றார்கள். பால் வாளில் ஒட்டும், தோப்பு மரத்தில் ஆணி இருக்கும், வாள் போய்விடும் என்று காரணம். ஆணி பயம் நியாயமானது. பாலுக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே அறுத்தால் போதும், அடுத்த மில்லில் அப்படித்தான் செய்தார்கள். அறுக்கும்போது கொட்டிய தூள் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. பர்மாவிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் ஆடைக்கு அந்தக் காலத்தில் பலாவின் இந்த வைரத்தை, அதாவது உள்ளே முற்றிய மரத்தை, கொதிக்கவைத்துத்தான் சாயம் ஏற்றினார்கள். தூளை ஒரு சாக்கு நிறையப் பிடித்து வைத்திருக்கிறேன், ஒரு வேட்டியை முக்கிப் பார்க்க வேண்டும்.

நடுப்பலகைகளை மையத்தோடு பிளந்து, மையத்தையும், பட்டையை ஒட்டிய முற்றாத வெள்ளை மரத்தையும் கழித்ததும் எட்டரை அங்குல அகலம் நின்றது. வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது, துளை வண்டு அதைத் தேடித்தான் வரும். மருந்தில்லாத மரம் வேண்டுமென்றால் வெள்ளைக்கு இரக்கம் காட்டக் கூடாது. இப்படிப் பிளந்த பலகையில் வளையங்கள் செங்குத்தாக நிற்கும். சாதாரணமாக அறுத்த பலகை அகலவாக்கில் சுருங்குவதில் ஏறத்தாழப் பாதிதான் இது சுருங்கும். இரண்டை ஒட்டினால் 17 அங்குலம், ஊஞ்சலுக்குப் போதும்.

இனி முனைக்கு வருகிறேன். என் அனுபவத்தில் பச்சை மரத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த இரண்டு வெட்டுமுகத்தில்தான். மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையின் முகத்தில் வெளியேறுவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரம் முனையில் வெளியேறும். முனை சுருங்கிவிடும், உள்ளே இருக்கிற மரம் சுருங்காது. அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. ஊரில் சாணி மெழுகுவார்கள். ஒரு கட்டைக்கு மெழுகிப் பார்த்தேன், காய்ந்ததும் சாணியே பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. பழைய பெயின்ட் அடிக்கலாம், ஆனால் மருந்தில்லா மரம் என்று ஆரம்பித்துவிட்டு அதைப் பூச மனசு வரவில்லை. கடைசியில் தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் சேர்த்து உருக்கினேன். மெழுகு மட்டும் என்றால் வெயிலில் வழியும், குங்கிலியம் மட்டும் என்றால் நொறுங்கும். மூன்று பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் எனக்குச் சரியாக வந்தது. நேரடி அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். குங்கிலியத்தை நன்றாகப் பொடித்துப் போட்டால் மெதுவாக இளகும். அறுத்த அன்றே, முனை ஈரமாக இருக்கும்போதே, சூடாகப் பூச வேண்டும். வெட்டுமுகத்தோடு நிறுத்தாமல் பக்கங்களிலும் ஓரங்குலம் இறக்கிப் பூசினேன். மறுநாள் பார்த்தால் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும், அந்த இடங்களில் இரண்டாவது பூச்சு. மெழுகு எங்கள் பக்கத்துக் கடைகளில் கலப்படமாகத்தான் கிடைக்கிறது. தேன் எடுக்கிறவரிடம் நேரில் வாங்கினால் விலையும் குறைவு, வாசனையிலேயே நிஜம் தெரியும்.

அடுக்குவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகைகளுக்கு இடையே காற்றோட முக்கால் அங்குல ரீப்பர் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில். மேலே கருங்கல். மேற்குப் பக்கம் மட்டும் கீற்று கட்டி அனல்காற்றை மறைத்தேன்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஈரமானியை நம்பவில்லை, தராசைத்தான் நம்பினேன். முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு வெட்டி நிறுத்தபோது 412 கிராம். வீட்டு ஓவனில் 105 டிகிரியில் வைத்து, இனி எடை குறையவே இல்லை என்றானபோது 268. நீர் 144 கிராம், உலர்ந்த எடையில் 54 சதவீதம். அதே பலகை முழுசாக 18.5 கிலோ இருந்தது, அப்படியென்றால் அதன் உலர் எடை 12 கிலோ. என் இலக்கு 13 சதவீத ஈரம், அதற்கு 13.6 கிலோ வர வேண்டும். அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்து அவ்வப்போது நிறுத்துப் பார்த்தேன். மறுவருஷம் ஆடியில் 13.6ஐத் தொட்டது, அதற்குமேல் அசையவில்லை.

அடுத்து ஒட்டு வேலை. அதற்கு முன்பே எண்ணெயைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆளிவிதை எண்ணெய்தான், ஆனால் காய்ச்சியது என்று டின்னில் வருவதில் சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்க்கிறார்கள். செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் சாய்ந்த பலாக்கள் நினைவுக்கு வருகின்றன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகவேண்டிய கட்டைகள் விறகு விலைக்கு லாரி ஏறின. வெட்டுமுகத்தில் உடனே எதையாவது பூசி நிழலில் உருட்டியிருந்தால் எத்தனையோ பிழைத்திருக்கும். அடுத்த புயலுக்கு மெழுகும் குங்கிலியமும் தயாராக டப்பாவில் இருக்கிறது.

ஊஞ்சல் முடிவதற்குள் கொட்டகைக் கூரையும் மாற்ற வேண்டும், அதற்குப் பனங்கைதான், அதாவது பனைமரச் சட்டம்தான் வேண்டும். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே மெத்தென்ற சோறு. வயசான மரத்தின் அடிப்பாகம் மட்டும்தான் கூரைக்கு உதவும். நிற்கிற பனையை வெட்டுவதாக இல்லை. 2021ல் ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்ததை வரவேற்கிறவன் நான். பழைய ஓட்டு வீட்டிலிருந்து இறக்கிய கைகள் போதும், கறையான் தொடாத கறுப்புக் கைகள் அங்கேதான் கிடைக்கும். ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் யாராவது வீடு பிரிக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், பத்தடிக்குக் குறையாத நீளம் வேண்டும்.