சேலத்து அச்சகமும் ஈய எழுத்துகளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகும்போதெல்லாம், பழைய அச்சுமுறையின் மீதுதான் என் மனம் செல்கிறது. கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கோர்ப்பவர், எழுத்துகளை வரியாக அடுக்கும் ‘ஸ்டிக்’ என்ற சிறு சட்டத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு, அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிய வரிகளாகக் கோர்ப்பார். அவற்றில் மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார்கள். விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தெரியும். இன்றைய ஆப்செட் அச்சுமுறையில் அச்சுத் தகட்டிலிருந்து ரப்பர் உறைக்கும், அதிலிருந்து தாளுக்கும் மை இடம் மாறுவதால் அந்தப் பள்ளம் விழுவதில்லை.

தமிழுக்கு அச்சு புதியதல்ல. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனாலும் உயிர்மெய் வடிவங்கள் மிகுதி என்பதால் கோர்ப்பவரின் பாடு பெரும்பாடுதான். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா வரிசைகளுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் முன்னெடுத்த சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றபோது, அந்த 13 எழுத்துகளும் பொதுக் குறிகளுக்கு மாறின. பழைய ‘னை’யின் தும்பிக்கை போன்ற வளைவு அழகானது என்றாலும், மாற்றம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

பில் புத்தகம், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நோட்டீஸ், மஞ்சள் தடவிய பத்திரிகை என அச்சுக்கு இன்னும் இங்கே வேலை இருக்கிறது.