யாருங்க சர்வாதிகாரி?

பெருந்துறைப் பக்கம் இப்போது கறாரான ஆள் எல்லோருமே 'சர்வாதிகாரி'தான். கீழ்பவானி வாய்க்காலில் முறை தவறி மடை திறக்க விடாத பாசன சபைத் தலைவரையும் அப்படித்தான் திட்டுகிறார்கள். ஏனுங்க, அடுத்த தேர்தலில் அவரை மாற்றிவிடலாமே!

சர்வாதிகாரியை ஆங்கிலத்தில் டிக்டேட்டர் என்கிறோம்; பழைய ரோமில் அது சட்டப்படியான பதவி. போர், கலகம் என்று வந்தால் ஆறு மாதம்வரை முழு அதிகாரமும் ஒருவர் கையில். வேலை முடிந்தால் இறங்கிவிட வேண்டும். சீசர் கி.மு. 44-இல் அதை ஆயுள் பதவியாக்கிக்கொண்டார். அதே ஆண்டு மார்ச்சில் குத்திக் கொன்றார்கள், அது வேறு கதை.

கொடுங்கோல் என்பது வேறு. முறைப்படி முடிசூடிய அரசனும் கொடுங்கோலன் ஆகலாம். குறளில் 56-ஆம் அதிகாரமே அதற்குத்தான். குடிகளிடம் பொருள் கேட்கும் அப்படிப்பட்ட அரசனை, வேலோடு வழிமறிக்கும் கொள்ளைக்காரன் பக்கத்தில் நிறுத்துகிறார் வள்ளுவர்.

சர்வாதிகாரம் என்றால் தட்டிக்கேட்க ஆளே இருக்கக் கூடாது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. 1976 ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சியையே கலைத்தார்கள். அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.