ழகரத்தை வைத்து முயலின் ஊரைப் பிடிப்பது

ஒரு கார்ட்டூன் பாத்திரம் எந்த ஊர்ப் பேச்சு பேசுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சொற்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ‘யால்’ என்று வந்தால் டெக்சாஸ், ‘வீ லாஸி’ என்று வந்தால் ஸ்காட்லாந்து. நம் சினிமாவில் ஒருத்தர் ‘ஏலே’ என்றதும் திருநெல்வேலி என்று முடிவுகட்டுகிற மாதிரிதான் இது. தாமிரபரணிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சொல்லை எந்த ஊர் எழுத்தாளரும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஒலியை நடிகர் வாயால்தான் உண்டாக்கியாக வேண்டும், குட்டு உடைவதும் அங்கேதான். ஆகவே காதை ஒலிமேல் வைக்க வேண்டும். அதில் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சில இடங்களில் பெரிய வசதி இருக்கிறது, ஓரிரு இடங்களில் பெரிய குழியும் இருக்கிறது.

முதலில் ஆங்கில ஒலித்தடம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழிலோ இந்தியிலோ டப் செய்ததில் இந்த வேறுபாடெல்லாம் கரைந்துபோயிருக்கும். சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், கண் படித்ததைத்தான் காது கேட்கும். நிதானமாகப் பேசுகிற இரண்டு நிமிடக் காட்சி போதும். பாட்டு வேண்டாம், மெட்டுக்காக உயிரொலிகள் நீண்டு ஊர் மறைந்துபோகும். கத்துகிற காட்சியும் வேண்டாம், அங்கே நடிகர் வேண்டுமென்றே தூக்கிப் பேசுவார். வேகத்தை 0.75-க்குக் குறைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஐந்து சொல்லாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

ஊருக்குச் சம்பந்தமில்லாததை முதலிலேயே கழித்துவிட வேண்டும். எல்மர் ஃபட் ‘ராபிட்’டை ‘வாபிட்’ என்பதும், டாஃபி டக்கும் சில்வெஸ்டரும் எச்சில் தெறிக்கத் தெறிக்க ‘ஸ’ சொல்வதும், போர்க்கி பிக் திக்குவதும், ட்வீட்டி ‘புடி டாட்’ என்று மழலை பேசுவதும் அந்தந்தப் பாத்திரத்தின் வாய்வாகு. அதற்கு வரைபடத்தில் இடம் தேடக் கூடாது.

இனி ‘ர்’. ஆங்கில வட்டார வழக்குகளைப் பிரிக்க முதல் கத்தி இதுதான். நம்மிடம் ர, ற, ழ மூன்றும் இருப்பதால் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. பெரும்பாலான அமெரிக்கர்கள் ‘கார்’ என்று சொல்லும்போது கடைசியில் நிற்பது நம் ‘ர்’ கிடையாது. நாக்கு வளைந்து எதையும் தொடாமல் நிற்கும் ‘ழ்’ஐ ஒட்டிய ஒலி அது. ‘காழ்’ என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் பலருக்கு நாக்கு நுனி ஒரு தட்டு தட்டும், நம் ‘கார்’ மாதிரியே. லண்டன், பாஸ்டன், பழைய நியூயார்க், அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பண்ணையார் பேச்சு ஆகியவற்றில் வெறும் ‘கா’தான். ழ்-ஆ, ர்-ஆ, ஒன்றுமே இல்லையா என்ற ஒரே கேள்வியில் பாதி வரைபடம் அடிபட்டுப்போகும்.

பக்ஸ் பன்னியை எடுத்துக்கொள்வோம். 1940-ல் வந்த படத்தில் ‘வாட்ஸ் அப், டாக்’ என்று கேரட்டைக் கடித்த அந்த முயலுக்கு ர் விழுகிறது, அதாவது ஒலிக்காமல் போகிறது. ஆனால் அது மட்டும் போதாது, பாஸ்டனிலும் விழும். அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. வழி தவறி எங்கேயோ போய் நிற்கும்போதெல்லாம், நியூ மெக்சிகோ மாநிலத்து அல்பகர்க்கியில் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று அது அலுத்துக்கொள்ளும். அந்த வாக்கியத்தை மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். ‘டர்ன்’ என்பது ‘டொய்ன்’ ஆகிறது. ஊர்ப்பெயரே ‘அல்பக்கொய்க்கி’ ஆகிறது. பழைய நியூயார்க் உழைக்கும் மக்களின் பேச்சில் ‘பேர்ட்’ ‘பொய்ட்’ என்றும், ‘தேர்ட்டி’ ‘தொய்ட்டி’ என்றும் வந்த அதே மாற்றம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, போலி நியூயார்க் பேச்சு மாட்டிக்கொள்வது அதில்தான். அந்த ‘ஒய்’ வர வேண்டுமானால் அந்த ர்-க்குப் பின்னால் அதே சொல்லில் ஒரு மெய் வர வேண்டும். ‘டர்ன்’, ‘பேர்ட்’, ‘வொர்க்’ மாறும். ‘ஹெர்’, ‘ஃபர்’ போல ர்-உடன் முடிகிற சொல் மாறாது, வெறும் ‘ஹஹ்’, ‘ஃபஹ்’ என்று தேய்ந்து நிற்கும். யாராவது ‘ஹொய்’ என்றால் அவர் கார்ட்டூன் பார்த்துக் கற்றுக்கொண்டவர். இன்றைய நியூயார்க்கில் இந்த ஒலி ஏறக்குறைய போய்விட்டது, பக்ஸ் வாயில் இருப்பது 1940-களின் தெரு.

அந்தக் குரலைக் கொடுத்த மெல் பிளாங்க் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வளர்ந்தவர். நியூயார்க்கின் இரு பகுதிகளான ப்ராங்க்ஸையும் ப்ரூக்ளினையும் கலந்து செய்ததாகச் சொல்லியிருக்கிறார். கலவையில் எது எந்தப் பகுதி என்று தேடினால் கிடைக்காது. நியூயார்க்கில் பேச்சு பேட்டையைவிட வர்க்கத்தால்தான் பிரிகிறது. 1962-ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருக்கும் பொருளை எங்கே என்று கேட்டு, விற்பனையாளர்களை ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று சொல்லவைத்தார். விலை கூடின கடையில் ர் அதிகம் கேட்டது, மலிவான கடையில் குறைவாகக் கேட்டது. முயலுக்கு ர் விழுவதில் ஊர் மட்டும் இல்லை, ‘நான் பங்களாக்காரன் இல்லை’ என்ற செய்தியும் இருக்கிறது.

இதே முயலிடம்தான் தமிழ்க் காதுக்கான குழியும் இருக்கிறது. நியூயார்க் பேச்சு ‘திஸ்’, ‘தட்’ என்பதை ‘டிஸ்’, ‘டாட்’ போலச் சொல்லும் என்று அமெரிக்கர்கள் எழுதுவார்கள். உண்மையில் பலரிடம் நாக்கு பல்லின் பின்புறத்தைத் தொட்டு நம் ‘த’வே வரும். நாமும் அந்தச் சொற்களை ‘த’ வைத்தே சொல்லிப் பழகிவிட்டதால், உரசி வருகிற ஒலிக்கும் அடைத்துத் திறக்கிற ஒலிக்கும் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. எல்லாமே ‘திஸ்’தான். ஹெட்போன் போட்டுக்கொண்டு, மூச்சு நிற்காமல் கசிகிறதா, ஒரு நொடி அடைத்துத் திறக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ‘த்ரீ’, ‘ட்ரீ’ இரண்டையும் அந்தப் பாத்திரம் வேறுபடுத்துகிறதா என்பது இன்னும் சுலபமான சோதனை.

பாஸ்டனுக்கு மாதிரி சிம்ப்ஸன்ஸ் தொடரின் மேயர் குவிம்பி. கென்னடி குடும்பத்தைக் கேலி செய்து உண்டாக்கிய குரல் அது. 1994-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் அவருடைய உடன்பிறந்தார் மகன் ஒரு பிரெஞ்சுப் பரிமாறுநரை ‘சௌடர்’ என்ற சூப்பின் பெயரைச் சொல்லச் சொல்லி வாட்டுவான். கடைசி ர்-ஐ விட்டு ‘சௌடா’ என்று சொன்னால்தான் அவனுக்குச் சரி. நகைச்சுவையே உச்சரிப்பின்மேல் நிற்கும் அபூர்வமான காட்சி. விட்ட ர்-ஐ இந்த ஊர்க்காரர்கள் வேறு இடத்தில் கொண்டுவந்து ஒட்டுவார்கள் என்பதையும் கவனியுங்கள். ‘கியூபா’வுக்கு அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ‘கியூபர்’ ஆகும். ர் விழுவதை மட்டும் கற்றுக்கொண்ட நடிகர் இதைத் தவறவிடுவார்.

தென்மாநிலங்களுக்கு வந்தால் ‘ஐ’தான் சாவி. ‘டைம்’ என்பது ‘டாம்’ ஆகும், ‘மை’ என்பது ‘மா’ ஆகும். இதைக் கேட்டவுடன் ‘தெற்கு’ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், அடுத்த படி சுவையானது. ‘டைம்’, ‘ரைட்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘டைம்’ மட்டும் ‘டாம்’ ஆகி ‘ரைட்’ அப்படியே நின்றால் கடலோரத் தெற்கு. ‘ரைட்’டும் ‘ராட்’ ஆனால் அப்பலாச்சிய மலைப்பக்கம், அல்லது டெக்சாஸ். இன்னொரு துப்பு ‘பென்’. அது ‘பின்’ ஆகும், ஆனால் ந், ம் பின்னால் வந்தால் மட்டும்தான். ‘பெட்’ ஒருபோதும் ‘பிட்’ ஆகாது. ‘இடம்’ வாயில் ‘எடம்’ ஆகிற மொழியிலிருந்து வருகிற நமக்கு இ, எ இடம் மாறுவது சட்டென்று காதில் விழும்.

இந்த அளவுகோலோடு ஃபாக்ஹார்ன் லெக்ஹார்ன் சேவலையும், கிங் ஆஃப் த ஹில் தொடரின் ஹாங்க் ஹில்லையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் ‘ஐ’ என்பது ‘ஆ’தான். ஆனால் சேவலுக்கு ர் பெரும்பாலும் விழுந்துவிடும், டெக்சாஸ்காரரான ஹாங்குக்கு ழகரம் கெட்டியாக நிற்கும். சேவல் பேசுவது பழைய பண்ணையார், அரசியல்வாதி வகைத் தெற்கு. அதுவும் நேரே ஊரிலிருந்து வந்ததில்லை. 1945 வாக்கில் அமெரிக்க வானொலியில் கென்னி டெல்மார் நடித்த கிளாக்ஹார்ன் என்ற செனட்டர் பாத்திரம் பெரிய வெற்றி. அதன் பேச்சை அடியொற்றி 1946-ல் சேவல் வந்தது. நகலின் நகல். கார்ட்டூன்களில் இது சாதாரணம் என்பதால், எந்த ஊர் என்று கேட்கும்போதே யாரைப் போலப் பேசுகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

ஸ்பாஞ்ச்பாப் தொடரின் மிஸ்டர் கிராப்ஸ் இதற்குச் சரியான உதாரணம். ‘ஆர்ர்’ என்று இழுக்கிற கடற்கொள்ளையன் பேச்சைக் கடலோடிகளின் பொது மொழி என்று பலர் நினைக்கிறார்கள். அது தென்மேற்கு இங்கிலாந்து. 1950-ல் வந்த டிஸ்னியின் ‘ட்ரஷர் ஐலண்ட்’ படத்தில் லாங் ஜான் சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் டார்செட்டில் பிறந்து கார்ன்வாலில் வளர்ந்தவர். தன் பகுதியின் ர்-ஐ ஊதிப் பெருக்கிப் பேசினார். அன்றிலிருந்து கொள்ளையர்கள் எல்லாரும் அந்த மாவட்டத்துக்காரர்களாகிவிட்டார்கள். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ர் விழும்போது அங்கே விழாமல் நிற்பதால்தான் அந்த ‘ஆர்ர்’.

கதை நடக்கிற இடத்தையும் நம்பாதீர்கள். கார்ஸ் படத்தின் மேட்டர் என்ற இழுவை வண்டி இருப்பது 66-ஆம் எண் சாலையோரப் பாலைவன ஊரில், பேசுவது தென்மாநிலக் கிராமத்துப் பேச்சு, குரல் கொடுத்தவர் பிறந்தது நெப்ராஸ்காவில்.

வாலஸ் அண்ட் குரோமிட்டின் வாலஸுக்கு உயிரொலிகள் போதும். ‘கப்’ என்பதில் அகரத்துக்குப் பதில் உகரம், ஏறக்குறைய ‘குப்’. ‘பாத்’ என்பதில் நெடில் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் வட இங்கிலாந்து. உருவாக்கிய நிக் பார்க் லங்காஷயரின் பிரஸ்டனைச் சேர்ந்தவர், முதலில் குரல் கொடுத்த பீட்டர் சாலிஸ் லண்டன் பக்கத்து ட்விக்கனமில் பிறந்தவர். லங்காஷயரா யார்க்ஷயரா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. வெளியூர்க்காரர் போட்டுக்கொண்ட பேச்சில் அந்த அளவு நுணுக்கம் தேடுவது வீண், வட இங்கிலாந்து என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. ப்ளூயிக்கும் அப்படியே. பிரிஸ்பேனில் எடுத்த தொடர் என்பது வீடுகளைப் பார்த்தால் தெரியும், ‘டே’ என்பது ‘டை’ பக்கம் சாய்வதை வைத்து ஆஸ்திரேலியா என்று காதுக்கும் தெரியும். அதற்குமேல் பிரிக்க அங்கே ஒலி அவ்வளவாகக் கைகொடுக்காது.

ஸ்காட்லாந்து நமக்கு வீடு மாதிரி. லண்டன்காரர் ‘கோ’ என்பதைக் ‘கஉ’ போலவும், ‘டே’ என்பதை ‘டெஇ’ போலவும் இரண்டு ஒலியாகப் பிளப்பார். ஸ்காட் பேச்சில் ஓவும் ஏவும் நம்முடையவை போல நேரான நெடில்கள். தட்டுகிற ர், நேரான ஏ-ஓ, ‘குட்’டும் ‘ஃபுட்’டும் எதுகையாவது, மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஷ்ரெக்கில் இந்த மூன்றையும் எண்ணிப் பாருங்கள், எல்லா வாக்கியத்திலும் சேர்ந்து வராது. மைக் மையர்ஸ் கனடாக்காரர். முதலில் வேறு மாதிரி பேசிப் பதிவு செய்துவிட்டு, பிறகு ஸ்காட் பேச்சில் மறுபடி பதிவு செய்தார். ஹௌ டு ட்ரெய்ன் யுவர் டிராகன் படத்தில் வைக்கிங் அப்பா ஸ்டாயிக் பெய்ஸ்லிக்காரரான ஜெரார்ட் பட்லரின் குரலில் ஸ்காட் பேசுவார், பெற்ற மகன் ஹிக்கப் வட அமெரிக்கப் பேச்சு பேசுவான். அங்கே பேச்சு பிரிப்பது ஊரை இல்லை, பெரியவர்களையும் சிறுவர்களையும்.

2012-ல் வந்த பிரேவ் படத்தைத்தான் பயிற்சிக்கு முதலில் எடுக்கச் சொல்வேன். மெரிடாவின் குரல் கெல்லி மெக்டொனால்ட், கிளாஸ்கோ. அவளைப் பெண் கேட்டு வருகிறவர்களில் இளைய மெக்கஃபின் வாயைத் திறந்தால் சுற்றியிருக்கிற ஸ்காட்காரர்களுக்கே புரியாது. உளறல் என்று நினைத்துப் பலர் கடந்துபோகிறார்கள். அது டோரிக், வடகிழக்கு ஸ்காட்லாந்தின் உண்மையான வழக்கு. குரல் கொடுத்த கெவின் மெக்கிட் அந்தப் பக்கத்து எல்ஜின்காரர். டோரிக்கில் கேள்விச் சொற்களின் முதல் ஒலி ‘ஃப’ ஆகும்: ‘வாட்’ என்பது ‘ஃபிட்’, ‘வேர்’ என்பது ‘ஃபார்’. ‘ஃபிட் லைக்’ என்றால் ‘எப்படி இருக்கே’. பையன் ‘லூன்’, பெண் ‘க்வைன்’. இந்த நாலைந்தையும் கையில் வைத்துக்கொண்டு, சப்டைட்டில் இல்லாமல், 0.75 வேகத்தில் அவன் பேசுகிற இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டுங்கள். மூன்றாவது தடவை உளறல் சொல் சொல்லாகப் பிரியத் தொடங்கும்.