ஸ்பிரிங் அறைக்குள் ஆறு கம்பிகள்

டிரெமொலோ பிரிட்ஜ் (லீவரால் ஆட்டிச் சுருதியை மாற்றும் தந்தித் தாங்கி) உள்ள கிட்டாரில் பியசோ பிக்கப்பையும் (அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) சேர்த்துப் பொருத்தலாம் என்று முதலில் யோசித்த புண்ணியவானை நான் அவ்வப்போது மனதுக்குள் திட்டுவதுண்டு. ஒன்று அசைவதற்காகவே செய்யப்பட்டது. மற்றொன்று, எது அசைந்தாலும் அதை ஒலியாக்கிவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் குடிவைத்துவிட்டு, சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எங்களைப் போன்ற பழுது பார்ப்பவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

1954-இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த பிரிட்ஜின் அடிப்படை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பிரிட்ஜின் முன் விளிம்பு அச்சாக நிற்கிறது. அடியில் ஓர் உலோகக் கட்டை உடலுக்குள் இறங்குகிறது. மேலே தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, பின்புற அறையில் உள்ள ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. 9-42 தந்திகளை (மெல்லியதன், தடித்ததன் தடிமன், ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில்) பூட்டினால் இழுவிசை மொத்தம் சுமார் 38 கிலோ. 10-46 என்றால் 47 கிலோவை நெருங்கும். தந்தியின் தடிமனை மாற்றியவர் ஸ்பிரிங் பக்கத்துத் திருகுகளையும் அதற்கேற்ப முடுக்க வேண்டும். கடைக்கு வரும் ‘பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது’ புகார்களில் பாதி இந்தத் திருகோடு தீர்ந்துவிடும்.

பியசோவின் கதை வேறு. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டதுதான் இதன் அடிப்படை. காந்தப் பிக்கப்புக்கு இரும்புத் தந்தியின் அசைவு மட்டுமே தெரியும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடிலுக்குள் உட்கார்ந்திருக்கும் பியசோவுக்கு அப்படி எந்தப் பாகுபாடும் இல்லை. தந்தி, ஸ்பிரிங், ஆடும் லீவர், தளர்ந்த திருகு என்று பிரிட்ஜைத் தொடுகிற அனைத்தும் அதற்கு இசைதான்.

சென்னையில் நவம்பர் பிறந்தால் தேவாலயங்களில் வாசிக்கும் பையன்கள் வரிசையாக வருவார்கள். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் சரியாக வேண்டும். அப்படி வந்த ஒருவரின் கிட்டாரை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு தூண்களில் கத்திமுனை ஊன்றி நிற்கும் பிரிட்ஜ், ஆறு சேடிலுக்கும் தனித்தனிப் பியசோ. முதலில் பியசோ பக்கம் கரகரவென்றிருக்கிறது. வேறொரு கடையில், பியசோவின் சமிக்ஞையைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பையே மாற்றியிருக்கிறார்கள். கரகரப்பு போகவில்லை, போதாததற்கு லீவரை அழுத்திவிட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவதும் நின்றுபோனது. “அண்ணா, நட்டை மாற்றிப் பார்த்துவிடலாமா?” என்று கேட்டார். இணையத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் பள்ளத்தில் பதிந்து செல்லும் துண்டு) குற்றவாளியா என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். லீவரை அழுத்தும்போது தந்தி தளர்ந்து, நட்டைத் தாண்டித் தலைப்பக்கம் கொஞ்சம் நகர்கிறது. லீவரை விட்டதும் அது திரும்பி வர வேண்டும். நட்டின் பள்ளம் பிடித்துக்கொண்டால் வராது; அந்தத் தந்தியின் சுருதி ஏறி நிற்கும். தந்தியை விரலால் வளைத்துவிட்டால் நேர்மாறாகச் சுருதி இறங்கி நிற்கும். இந்தக் கோளாறு தந்திக்குத் தந்தி வேறுபடும். ‘டிங்’ என்ற சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கிட்டாரில் லீவரை அழுத்திவிட்டபோது ஆறு தந்திகளும் சேர்ந்தாற்போல் இறங்கி நின்றன. லீவரை லேசாக மேலே இழுத்தால் ஆறும் சேர்ந்து ஏறிச் சரியாயின. ஆறு தந்திகள் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நட்டை விட்டுவிட்டு அச்சைப் பார்க்க வேண்டும். கத்திமுனை மழுங்கியிருக்கலாம், தூண் மரத்தில் ஆடலாம். கடல் காற்றில் இங்கே துருவுக்குப் பஞ்சமில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முனை கூராகவே இருந்தது, தூணும் அசையவில்லை. அப்படியென்றால் கட்டை திரும்பி வரும் வழியில் ஏதோ தடுக்கிறது.

பின் மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. சேடில்களிலிருந்து இறங்கும் ஆறு மெல்லிய ஷீல்டு கம்பிகளையும் (உள் இழையைச் சுற்றி உலோகப் பின்னல் போர்த்தியவை) ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி, விரல் தடிமனில் ஒரு கெட்டியான கட்டாக்கியிருந்தார்கள். அந்தக் கட்டு, கட்டைக்கும் கழுத்துப் பக்கத்து மரச்சுவருக்கும் நடுவில் கிடந்தது. லீவரை அழுத்தினால் கட்டையின் அடி வால்பக்கம் போகும். விட்டால் கழுத்துப் பக்கம் திரும்பும். திரும்பும்போது டேப் கட்டின் மேல் மோதி, மயிரிழை முன்பாகவே நின்றுவிடுகிறது. சுருதி இறங்க அந்த மயிரிழை போதும். ப்ரீஆம்ப் மாற்றியவர் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று சுற்றியிருப்பார் போல. நல்ல எண்ணம்தான், ஆனால் அசையும் பொருளுக்குப் பக்கத்தில் நேர்த்தியைவிடத் தளர்ச்சிதான் உதவும்.

இனிக் கரகரப்பு. பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு சேடிலையும் தட்டினேன். ஐந்தாவது தந்தியின் சேடில் மட்டும் மந்தமாக ஒலித்தது. அதன் இணைப்பைக் கழற்றி, ப்ரீஆம்ப்பில் ஆறாவதன் இடத்தில் செருகிப் பார்த்தேன். மந்தமும் கூடவே இடம் மாறியது. கோளாறு ப்ரீஆம்ப்பில் இருந்திருந்தால் அது பழைய இடத்திலேயே நின்றிருக்கும். ஒரு நிமிட வேலை. அந்தக் கடையில் இதைச் செய்திருந்தால் பையனுக்கு ஒரு ப்ரீஆம்ப் காசு மிஞ்சியிருக்கும்.

நல்ல பியசோவை மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் திறந்த சுற்று போலத்தான் காட்டும். ‘ஒன்றும் காட்டவில்லை, போய்விட்டது’ என்று சேடிலைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. மின்தேக்குத்திறனை அளந்து, ஆறும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். ஐந்தாவதில் மீட்டரை மாட்டி, கட்டையைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தேன். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஓம் சடாரென்று விழுந்தது. பிரிட்ஜ் தட்டின் துளையிலிருந்து கம்பி வளைந்து இறங்கும் இடத்தில் உறை தேய்ந்து, உள் இழை வெளிப் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. லீவர் ஆடும்போதெல்லாம் அந்த ஒரே புள்ளி மடங்கி நிமிர்ந்து நைந்திருக்கிறது. ஆக, கரகரப்பைப் பிறப்பித்தது பிரிட்ஜின் அசைவு. சுருதியைக் கெடுத்தது பிக்கப்பின் கம்பி. புகார் ஒரு பக்கம், காரணம் மறுபக்கம்.

நைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே போன்ற ஷீல்டு கம்பியை இணைத்தேன். இணைப்பு, மடங்காத இடத்தில் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். ஈயம் வைக்கும்போது சூட்டுக்கோல் சேடிலின் பக்கமே போகக் கூடாது. சூடு ஏறினால் பியசோ தன் குணத்தையே இழந்துவிடும். பற்றவைத்த இடத்தில் ஃபிளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹால் போட்டுத் துடைக்க வேண்டும். காந்தப் பிக்கப்பில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. மெகா ஓம் கணக்கில் வேலை செய்யும் சுற்றில், அழுக்கின் மேல் ஈரம் படிந்தால் அதன் வழியாகவே மின்சாரம் கசியும்.

அந்த மெகா ஓம் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சேடிலின் மின்தேக்குத்திறன் 500 பைக்கோஃபாரட், ஆறும் இணையாகச் சேர்ந்து 3000 என்று வைத்துக்கொள்வோம். இதை நேரடியாக 250 கிலோ ஓம் வால்யூமில் கொடுத்தால் சுமார் 212 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயி போய்த் தகர டப்பா மிஞ்சும். ப்ரீஆம்ப்பின் உள்ளீடு 10 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. பியசோவைக் காந்தப் பிக்கப் போல நேரே இணைத்துவிட்டு, ‘ஒல்லியாகக் கேட்கிறது, கம்பெனி சரியில்லை’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான கிட்டார்களில் 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனை ஸ்டீரியோ ஜாக் வழியாகத்தான் இணைகிறது. கேபிளைச் செருகினால் ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும். ஆராதனை முடிந்து கேபிளை உருவாமல் போனால் மறுவாரம் பேட்டரி செத்திருக்கும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

டேப்பைப் பிரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்வாக விட்டு, அச்சை ஒட்டி அசைவு குறைவாக இருக்கும் பக்கமாகக் கொண்டுபோய் மரச்சுவரில் ஒதுக்கினேன். லீவரை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி திரும்பி வந்து நின்றது. ஆனால் பியசோவை மட்டும் தனியாகத் திறந்தபோது பின்னால் மெலிதாக ஒரு ரீங்காரம். தந்திகளை உள்ளங்கையால் அடக்கிவிட்டு உடலைத் தட்டினால் அது மட்டும் கேட்டது: ஸ்பிரிங்குகள். பையனோ அதை எஃபெக்ட் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார், பிடித்தும் இருந்திருக்கிறது. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு நுரைப்பஞ்சு வைத்ததும் போய்விட்டது. வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்றேன். இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்துவிட்டுப் பஞ்சை உள்ளேயே வைக்கச் சொன்னார்.

கழற்றிய பழைய ப்ரீஆம்ப் அவர் பையிலேயே இருந்தது. மேசையில் பேட்டரி கொடுத்துச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. “விற்றுத் தருவீர்களா அண்ணா?” என்று கேட்டு என்னிடமே விட்டுப்போனார். வாங்க ஓர் ஆள் தயாராக இருக்கிறார். விலைதான் இன்னும் படியவில்லை.